நாலு விரல் ஆட்டம்: பழைய பிக்கப்போடு பதின்மூன்று வருடம்

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிற எனக்கு வாகனம் என்றால் பின்பெட்டிதான் முக்கியம். 2012 இல் வாங்கிய பிக்கப் இன்னும் ஓடுகிறது. எண்பதுகளில் ஜப்பானில் செய்த டீசல் வண்டி, பவர் ஸ்ரியரிங் இல்லை, ஏசியும் இல்லை. மாற்றுவோம் என்று யோசித்த நேரத்தில், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். 2025 இல் திரும்பத் திறந்தபோது புது வாகனத்தின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். எஞ்சினைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நேரத்துக்கு ஒயில் மாற்றினால் ஓடுகிறது. என்னை ஆட்டிவைத்தது ஸ்ரியரிங்தான்.

வாங்கிய நாளிலேயே பிளே இருந்தது. முன்சில்லு அசையாமல் ஸ்ரியரிங் வளையத்தை இரண்டு விரல் அகலத்துக்கு ஆட்டலாம். "பழசெண்டா அப்பிடித்தான் தம்பி" என்றார் விற்றவர். நானும் நம்பினேன். அது எப்போது நாலு விரலானது என்று தெரியாது, ஏனென்றால் கையும் கூடவே பழகிவிட்டது. நேர் றோட்டிலும் இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். ஒருநாள் மனைவியின் தம்பி ஓட்டிப் பார்த்தான். உரும்பிராய்ச் சந்தியில் ஓரங்கட்டி இறங்கி, "அத்தான், இது வாகனமில்லை, வள்ளம்" என்றான்.

கராஜுக்குக் கொண்டுபோனேன். வளையத்தின் திருப்பத்தைச் சில்லுப் பக்கம் கடத்துகிற பற்கள் உள்ள பெட்டிதான் ஸ்ரியரிங் பொக்ஸ். அதன் மேலே ஒரு திருகாணியும் லொக் நட்டும் இருக்கும். அதை இறுக்கிவிட்டார்கள், பத்து நிமிட வேலை. பிளே குறைந்தது மாதிரித்தான் இருந்தது. ஆனால் சந்தியில் திரும்பிய பிறகு ஸ்ரியரிங் தானாக நேருக்கு வரவில்லை, கையால் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. பிறகுதான் காரணம் விளங்கியது. பொக்ஸுக்குள் இருக்கும் பற்கள் நேராக ஓடும் நிலையில்தான் ஆக இறுக்கமாகப் பொருந்தும். வெளியில் எங்கேயோ இருக்கிற ஆட்டத்தை மறைக்க அதைப் போட்டு இறுக்கினால் நடுவில் பிடிக்கும், பற்களும் பெயரிங்கும் தேயும். தலையிடிக்குக் கண்ணுக்கு மருந்து விட்ட கதை.

2019 மாரியில் ஸ்ரியரிங் என்னைக் கைவிட்டது. குலை ஏற்றிக்கொண்டு கோப்பாய் – கைதடி றோட்டால் சாவகச்சேரிச் சந்தைக்குப் போகிறேன். இரண்டு பக்கமும் உப்பாற்றுத் தண்ணீர். எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட மெதுவாக்கி ஓரம் எடுத்தபோது கீழே "டொக்" என்று ஒரு சத்தம். வளையம் திரும்புகிறது, வலது சில்லு கேட்கிறது, இடது சில்லு தன்பாட்டில் வெளியே போகிறது. இடப்பக்க ரொட் எண்ட், அதாவது சில்லையும் ஸ்ரியரிங் தடியையும் இணைக்கிற குண்டு மூட்டு, குழியை விட்டுக் கழன்றுவிட்டது.

பிறேக்கை ஓங்கி மிதிக்காமல் விட்டது என் கெட்டித்தனமில்லை, கால் விறைத்துப்போனதுதான். அதுவே சரியாகவும் போனது. கட்டில்லாத சில்லில் முழு பிறேக் விழுந்தால் அது முற்றாகக் குறுக்கே திரும்பியிருக்கும். அக்சிலேற்றரை விட்டு, கை பிறேக்கைக் கொஞ்சங்கொஞ்சமாக இழுத்தேன். இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும்போது திறப்பைக் கழற்றக்கூடாது, ஸ்ரியரிங் லொக் விழுந்தால் மற்றச் சில்லும் போய்விடும். தண்ணீருக்கு ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த அளவு, இருக்க நின்றது.

பின்னால் வந்த லொறிக்காரர் கயிறு எடுத்தார். கட்டி இழுக்க முடியாது என்று அவருக்கு விளங்கவைக்கப் பெரும்பாடு. சில்லு ஒன்று அலைகிறபோது முன்பக்கத்தைத் தூக்கினால்தான் கொண்டுபோகலாம். கடைசியில் கைதடியில் இருந்து ஒரு மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் புது ரொட் எண்ட்டோடு வந்தார். அவர் செய்த ஒன்று எனக்குப் பிடித்தது. பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றுத்தான் ஏற்றினார். அப்படிச் செய்தால் எலைன்மன்ட், அதாவது சில்லுகளின் நேர், பார்க்கும் இடம்வரை ஒருமாதிரி ஓட்டிப் போகலாம். பழையதன் றப்பர் மூடி கிழிந்து, உள்ளே கிறீஸுக்குப் பதிலாக எங்கள் செம்மண் இருந்தது.

"ஏனண்ணை இவ்வளவு நாளும் விட்டனீங்கள்? எஞ்சின் நிண்டா வாகனம் நிக்கும். இது விட்டா வாகனம் நிக்காது."

என்ன சொல்ல? யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர் ஓட்டிய ஊர் இது. ஒப்பேற்றுவது எங்களுக்கு இரத்தத்தில் ஊறியது, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அந்தப் பழக்கத்தைத்தான் ஸ்ரியரிங்குக்கும் கொண்டுவந்திருக்கிறேன்.

பிறகு மகளை உள்ளே இருத்தி, எஞ்சினை நிறுத்தி, சில்லு நிலத்தில் இருக்க, வளையத்தை இடமும் வலமும் சின்னதாக ஆட்டச் சொல்லிவிட்டு நான் கீழே படுத்தேன். ஒவ்வொரு மூட்டையும் கையால் பிடித்துப் பார்த்தால் தேய்ந்தது தானே சொல்லும்: தடி முதலில் அசையும், அடுத்த தடி பிந்தி அசையும். ஸ்ரியரிங் தடியின் மறுமுனையைத் தாங்குகிற ஐட்லர் ஆமின் புஷ் போயிருந்தது. அதை மாற்றிய பிறகும் இரண்டு விரல் மிச்சம். மூன்றாம் தரம் படுத்தபோதுதான் கண்டேன், ஸ்ரியரிங் பொக்ஸே அசைகிறது. அது பூட்டியிருக்கும் இடத்தில் செசி, அதாவது வாகனத்தின் அடிச்சட்டம், வெடித்து, மயிரிழை மாதிரி ஒரு கோடு. ஆட்டும்போது மட்டும் வாய் திறக்கும், விட்டால் மூடிவிடும். இத்தனை கராஜில் ஒருவரும் காணாதது. வெடிப்பின் மேலே வெல்டிங் ஓட்டினால் பக்கத்தில் திரும்ப வெடிக்கும் என்று சொல்லி, இரும்புத் தகடு வைத்து ஒட்டுவித்தேன். நடுவில் பிடிக்கிற பழைய பொக்ஸையும் கையோடு மாற்றினேன், கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்த பாவித்த பொக்ஸ்தான்.

மலிவு ரொட் எண்ட் ஒன்றும் போட்டுப் பார்த்தேன். எட்டு மாதம். சரி, அந்தப் பாடத்துக்கு அது போதும். இப்போது வாங்கும்போது றப்பர் மூடியை நசுக்கிப் பார்ப்பேன், நட் கழராமல் குறுக்கே போடுகிற ஸ்பிளிற் பின்னைப் புதிதாகவே போடுவிப்பேன். அந்தப் பின்னுக்கான ஓட்டைக்கு நேராக நட் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. மெக்கானிக் தளர்த்தினால் பக்கத்தில் நின்று சண்டை பிடிப்பேன். மாரி முடிய ஒருமுறை மகளோடு அந்த ஆட்டிப் பார்க்கும் வேலை நடக்கும். வாகன வரிப்பத்திரத்துக்கு வருடாவருடம் புகைப் பரிசோதனை செய்கிறோம். புகைக்குழாய்க்குள் கருவி விடுகிறவர்கள் ஒருநாளும் ஸ்ரியரிங்கை ஆட்டிப் பார்த்ததில்லை.

இப்போது ஆட்டம் ஒரு விரலுக்கும் குறைவு. சில ஜப்பான் பிக்கப் கைநூல்களில் உச்சமாகப் போட்டிருக்கிற 30 மில்லிமீற்றருக்குள்தான் நிற்கிறது. போன கிழமை பின்கதவுக் கீல் கழன்றது. அதைக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருக்கிறேன்.