பத்து வருடம் கழித்தும் திறக்க வேண்டும்: கிரிட்டா, கிம்ப், மெடிபேங்

ஊரில் பாட்டி வீட்டை இடிப்பதற்கு முந்தைய மாதம் அதன் திண்ணையைக் கைபேசியில் வரைந்தேன். 2016-ஆம் வருடம். ஒரு வாரம், ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகு உட்கார்ந்து வரைந்த படம். மரத்தூண், அதில் சாய்த்து வைத்த முறம், தேய்ந்துபோன படிக்கல், ஒவ்வொன்றும் தனித்தனி லேயர், கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியதுபோல். இரண்டு வருடம் கழித்து மாமா புது வீடு கட்டினார். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று ஆசையாகக் கேட்டார்.

அதற்குள் என் கைபேசி மாறியிருந்தது. பழையதிலிருந்து கோப்பைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அதைத் திறக்கும் செயலியே நின்றுபோயிருந்தது. வேறு எந்த மென்பொருளுக்கும் அந்தக் கோப்பு என்னவென்றே தெரியவில்லை. கடைசியில் மிஞ்சியது, அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த சின்னப் படம் ஒன்றுதான். இரண்டடி அகலத்துக்கு அச்சடித்துப் பார்த்தோம். முறத்தின் பின்னல் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகக் கறை.

இலவச ஓவிய மென்பொருள் எது நல்லது என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த முறம்தான் நினைவுக்கு வரும். அதனால் கிரிட்டா, கிம்ப், மெடிபேங் என்ற மூன்று இலவச மென்பொருள்களின் இந்த ஒப்பீடு பிரஷ்களின் எண்ணிக்கையை வைத்து அல்ல. நான் கிரிட்டாவின் பக்கம். 2018-லிருந்து அதில்தான் வரைகிறேன். மற்ற இரண்டையும் வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறேன், கிம்ப்பை இன்றும் பயன்படுத்துகிறேன்.

பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். மூன்றிலும் லேயர் உண்டு, பேனாவின் அழுத்தத்துக்குக் கோடு தடித்து மெலியும், விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். கிரிட்டாவும் கிம்ப்பும் திறந்த மூல மென்பொருள்கள், அதாவது அவற்றின் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். மெடிபேங் ஒரு ஜப்பானிய நிறுவனத்துடையது, இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும். கிரிட்டாவை ஸ்டீம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் போன்ற இணையக் கடைகளில் தேடினால் விலை போட்டிருப்பார்கள். அது அதன் வளர்ச்சிக்குப் போகிற பணம், விருப்பம் இருந்தால் கொடுக்கலாம். அவர்களுடைய சொந்தத் தளத்தில் அதே மென்பொருளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

கிம்ப்பின் வயது பலருக்குத் தெரியாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1995-இல் தொடங்கியது. படத்தைத் திருத்துவதற்கென்று பிறந்தது, இன்றும் அதில்தான் அதன் பலம். ஸ்கேன் செய்த பென்சில் ஓவியத்தில் தாளின் மஞ்சளைப் போக்க, கோணலை நிமிர்த்த, ஒளி இருளைச் சரிசெய்ய எனக்கு அதைவிட வசதியானது வேறில்லை. 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்த பிறகு இன்னும் நன்றாகவே இருக்கிறது. லேயரின் மேல் போட்ட ஃபில்டரை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போய் மாற்றலாம். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேனாவால் வரையும் டேப்லெட்டைச் செருகினாலும் எடுத்துக்கொள்கிறது.

தமிழ் எழுத்து என்றாலும் நான் கிம்ப்பிடம்தான் போவேன். படத்தின் மேலேயே தட்டச்சலாம், ‘கொ’வும் ‘கௌ’வும் உடையாமல் வரும். கிரிட்டாவில் எழுத்துக் கருவி வெகுகாலம் சுமாராகத்தான் இருந்தது. 2023-இல் வந்த 5.2 பதிப்பில் உள்ளே நிறைய மாற்றினார்கள். இருந்தாலும் வாழ்த்து அட்டைக்கு வாசகம் சேர்க்க வேண்டுமென்றால் படத்தை கிரிட்டாவில் முடித்துவிட்டு கிம்ப்புக்குக் கொண்டுபோவதுதான் என் பழக்கம்.

ஆனால் வெள்ளைத் திரையில் ஒரு முகத்தை முதல் கோட்டிலிருந்து வரைய கிம்ப்பில் உட்கார்ந்தால் கை இடறுகிறது. பிரஷ் இருக்கிறது, திரையைச் சுழற்றலாம், கோட்டை மென்மையாக்கும் வசதியும் உண்டு. எல்லாம் இருந்தும் ஒவ்வொன்றையும் தேடிப் போக வேண்டியிருக்கிறது, தேடும் நேரத்தில் கை சூடு ஆறிவிடுகிறது.

மெடிபேங் லேசானது. பழைய மடிக்கணினியிலும் சட்டென்று திறக்கும், கைபேசியிலும் ஓடும். காமிக்ஸ் வரைகிறவர்களுக்குப் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கருவி, நிழலுக்குப் புள்ளிகளை நிரப்பும் ஸ்கிரீன் டோன் எல்லாம் கையோடு கிடைக்கும். கல்லூரி போகிற பிள்ளை கைபேசியில் வரைந்து பழக நான் இதைத்தான் சொல்வேன்.

இனி கிரிட்டா. கேடிஇ என்ற திறந்த மூலக் குடும்பத்தில் பிறந்தது. ஸ்வீடிஷ் மொழியில் கிரிட்டா என்றால் சுண்ணக்கட்டி. இதுவும் முதலில் பொதுவான படத்திருத்தியாகத்தான் வளர்ந்தது. பிறகு, வரைகிறவனுக்கான கருவி இது என்று முடிவெடுத்துத் திசையை மாற்றிக்கொண்டார்கள். அந்த முடிவு பயன்படுத்தும் ஒவ்வொரு நிமிடமும் தெரிகிறது.

பேனாவின் பக்கவாட்டுப் பொத்தானை வலது கிளிக்குக்கு வைத்திருக்கிறேன். அதை அழுத்தினால் பேனா முனை இருக்கும் இடத்திலேயே ஒரு வட்டம் விரிகிறது. ஓரத்தில் நான் அடிக்கடி எடுக்கும் பிரஷ்கள், நடுவில் நிற வளையம். கண் படத்தை விட்டு நகர வேண்டியதில்லை. இடது கை விசைப்பலகையில் இருக்கும்: ‘4’, ‘6’ அழுத்தினால் திரை சுழலும், ‘5’ நேராக்கும், ஆங்கில ‘ஈ’ (E) விசைக்குக் கையில் உள்ள பிரஷ்ஷே அழிப்பானாகும். ‘எம்’ (M) விசை படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பும். முகம் வரைகிறவர்கள் இந்த ஒரு விசைக்காகவே கிரிட்டாவை நிறுவலாம். சரியாக வந்துவிட்டது என்று நம்பிய முகத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு கண் கன்னத்துக்கு இறங்கியிருப்பது அப்போதுதான் தெரியும்.

மார்கழியில் அக்கா மகள் வந்திருந்தாள். எட்டு இதழ்த் தாமரைக் கோலத்தைக் கணினியில் போட முடியுமா மாமா என்றாள். மல்டிபிரஷ் கருவியை எடுத்து, சிமெட்ரி வகையில் 8 என்று கொடுத்தேன். அவள் ஓர் இதழை இழுக்க இழுக்க மற்ற ஏழும் கூடவே வளர்ந்தன. கிம்ப்பிலும் மண்டலா என்ற பெயரில் இது உண்டு. ஆனால் கிரிட்டாவில் கோடு தளும்பாமல் இருக்க ஸ்டெபிலைசரையும் போட்டுக் கொடுத்தேன். பேனாவுக்குப் பின்னால் கோடு நிதானமாக இழுபட்டு வரும். பத்து வயதுப் பிள்ளையின் கோடு, மாவை விட்டு இழுத்ததுபோல் வழவழவென்று வந்தது.

இதெல்லாம் பழக்கத்தையும் ரசனையையும் பொறுத்தது, வேறொருவர் வேறு சொல்லலாம். எனக்கு முடிவைத் தந்தது கோப்பு.

இன்றைக்கு இலவசம் என்பது நாளைக்கும் இலவசம் என்பதற்கு உறுதி அல்ல. ஸ்கெட்ச்புக் என்ற ஓவிய மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2018-இல் அதை எல்லாருக்கும் இலவசமாக்கியது. நல்ல மென்பொருள், பலர் மாறினார்கள். 2021-இல் அது தனி நிறுவனமாகப் பிரிந்தது, கணினிப் பதிப்பு மறுபடி விலைக்கு வந்தது. அவர்கள் செய்ததில் தவறில்லை, அது அவர்களுடைய பொருள். ஆனால் வரைகிறவரின் ஐந்து வருடப் படங்கள் அந்தத் தீர்மானத்தோடு கட்டுண்டு கிடக்கக் கூடாது.

கிரிட்டா தன் படங்களைச் சேமிக்கும் கேஆர்ஏ (.kra) கோப்பு ஒன்றை எடுத்து, நகல் ஒன்று போட்டு, பெயரின் கடைசியில் இருக்கும் கேஆர்ஏ என்பதை ஜிப் (.zip) என்று மாற்றித் திறந்து பாருங்கள். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் சாதாரண ஜிப் கோப்பாகவே திறக்கும். உள்ளே லேயர்கள் ஒரு கோப்புறையில் இருக்கும். எந்த லேயர் எதன் மேல் என்ற விவரம் எழுத்து வடிவில் இருக்கும். கூடவே ‘மெர்ஜ்டுஇமேஜ்’ என்ற பெயரில் முழு அளவு பிஎன்ஜி படம் ஒன்று, எந்தக் கணினியும் திறக்கும் சாதாரணப் படக்கோப்பு. கிரிட்டா இல்லாத கணினியிலும், கிரிட்டாவே உலகத்தில் இல்லாமல் போனாலும், முடித்த படம் முழு அளவில் கையில் இருக்கும். இதை முதன்முதலாகச் செய்து பார்த்த அன்று எனக்குத் திண்ணைப் படம்தான் மனதில் ஓடியது. அந்தச் செயலியும் இப்படி ஒரு பிஎன்ஜியை உள்ளே வைத்திருந்தால் முறம் உடைந்திருக்காது.

இதைவிட ஒரு படி மேலே ஓபன்ராஸ்டர் என்ற பொது வடிவம் இருக்கிறது. அதுவும் ஜிப்தான், ஆனால் ஒவ்வொரு லேயரும் தனித்தனி பிஎன்ஜியாகவே இருக்கும். கிரிட்டா, கிம்ப், மைபெயின்ட் என்ற இன்னொரு ஓவிய மென்பொருள், மூன்றும் அதைத் திறக்கும், எழுதும். கிரிட்டாவுக்கே உரிய சில வகை லேயர்களும், லேயரின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் மாஸ்க்குகள் போன்றவையும் அதில் அப்படியே வராது. அதனால் வேலை நடக்கும்போது கேஆர்ஏ, முடித்த பிறகு ஓபன்ராஸ்டரில் ஒரு நகல், பிஎன்ஜியில் ஒரு நகல் என்று வைத்துக்கொள்கிறேன். போன மாதம் 2018-இல் 4.0 பதிப்பில் வரைந்த மழைக்காலத் தெரு ஒன்றைத் திறந்தேன். 23 லேயரும் பெயரோடு வந்தன. அன்றைக்கு வேண்டாம் என்று மறைத்து வைத்த தெருவிளக்கின் ஒளிகூட மறைந்தபடியே இருந்தது.

கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பும் இந்த விஷயத்தில் நம்பத்தக்கதுதான். பழைய கோப்புகளைப் புதிய பதிப்பு திறக்கிறது, நிரல் முழுவதும் வெளிப்படையாக இருப்பதால் நாளைக்கு யாராவது அதைப் படிக்கும் கருவியை எழுதிக்கொள்ள முடியும். மெடிபேங்கின் சொந்த வடிவமான எம்டிபி அப்படிப் பொதுவானது அல்ல. ஆனால் அங்கிருந்து போட்டோஷாப்பின் கோப்பு வடிவமான பிஎஸ்டியாக எடுக்கலாம், லேயர்கள் கூடவே வரும். பிஎஸ்டியை கிரிட்டா, கிம்ப் இரண்டுமே திறக்கும்.

கிரிட்டாவின் பெரிய குறை நினைவகத்தில் அது தின்னும் இடம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏ4 தாள், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 2480-க்கு 3508, அதாவது கிட்டத்தட்ட 87 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால், முழுக்க நிரப்பிய ஒரு லேயருக்கு 35 எம்பி. இருபது லேயர் போட்டால் 700 எம்பி. நிற ஆழத்தை 8 பிட்டிலிருந்து 16-க்கு உயர்த்தினால் அது இரட்டிப்பு. தவறாகப் போட்ட கோட்டைத் திரும்ப எடுப்பதற்காக அது நினைவில் வைத்திருக்கும் பழைய நிலைகள் வேறு. 8 ஜிபி ரேம் இருந்தால் ஏ4-க்குக் கவலையில்லை. 4 ஜிபி மடிக்கணினியில் பெரிய பிரஷ் திணறும், அந்த நிலையில் மெடிபேங்தான் உருப்படியான யோசனை.

அனிமேஷன் கிரிட்டாவில் உண்டு, 2016-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே. நான் அதில் செய்தது கொடியில் காயும் வேட்டி காற்றில் அசைகிற மூன்று நொடித் துண்டு மட்டும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அச்சகத்துக்கான சிஎம்ஒய்கே நிறத்திலேயே கிரிட்டாவில் வேலை செய்யலாம் என்பதும் உண்மை. நான் இரண்டே முறைதான் அப்படி அனுப்பினேன். ஒருமுறை பச்சை மங்கி வந்தது, அது படத்தின் குறையா தாளின் குறையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கும் கிரிட்டா இருக்கிறது, கைபேசித் திரைக்கு அது பொருந்தாது, ஐபேடுக்கு இல்லவே இல்லை.

கைபேசிதான் இருக்கிறது என்றால் மெடிபேங்கிலோ பிடித்த வேறு செயலியிலோ தாராளமாக வரையுங்கள். ஒன்றே ஒன்று செய்யுங்கள்: படம் முடிந்த அன்றே அதை பிஎஸ்டியாக ஒரு முறை, முழு அளவு பிஎன்ஜியாக ஒரு முறை எடுத்து, அந்தக் கைபேசிக்கு வெளியே வேறோர் இடத்தில் போட்டு வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், அப்போது அளவு சுருங்காது. அம்மாவுக்கு நான் அன்றைக்கு அப்படி அனுப்பியிருந்தால்கூடப் போதும், திண்ணை இன்றைக்கு மாமா வீட்டுக் கூடத்தில் இருந்திருக்கும்.