கல்லடி ஓவிய வகுப்பு: கோட்டுக்கும் காரணம் கேட்கிறார்கள்

மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு வீட்டு மேல்மாடியில் சனிக்கிழமைகளில் நடக்கிற ஓவிய வகுப்புக்கு மகளோடு போனேன். ஆளுக்கு 2,500 ரூபா. பெயின்ற், கன்வஸ் எல்லாம் அவர்களே தருகிறார்கள். பெரியவர்களும் சேரலாம் என்றதால் நானும் ஒரு பிரஷைப் பிடித்தேன்.

அன்றைய பாடம் கனடாவின் அனிஷினாபே பழங்குடி ஓவியர் நோர்வல் மொரிசோ. 1962இல் ரொறன்ரோவில் நடந்த அவருடைய முதல் கண்காட்சியில் வைத்த படங்கள் அத்தனையும் விற்றுப்போயின. தடித்த கறுப்புக் கோடு, உள்ளே பளிச்சென்ற நிறம். விலங்கை வரைந்தால் வயிற்றுக்குள் இருப்பதும் தெரியும். மனிதன், பறவை, மீன் என்று ஓர் உருவத்திலிருந்து இன்னொன்றுக்குக் கோடுகள் ஓடும். உயிர்களுக்கு நடுவில் இருக்கிற உறவையும் சக்தியையும் அப்படித்தான் அவர் காட்டினார்.

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "அவர்ர படத்தப் பாத்துக் கீறக் கூடாது" என்றார் டீச்சர். அந்த உருவங்கள் அவர்களுடைய நம்பிக்கையில் வருபவை, நாம் எடுக்க முடியாது. நம்முடைய வாவியை வரைந்து, யாருக்கு யாரோடு தொடர்பு என்று யோசிக்க வேண்டும். எனக்கு இது பிடித்தது.

பாதிப் பேர் நம் வாவிக்குப் பேர்போன பாடும் மீன் வரைந்தார்கள் (மட்டக்களப்பில் வேறென்ன நடக்கும்!). மகள் நீர்க்காகம், கண்டல் மரம், இறால், தோணிக்காரர் எல்லாவற்றையும் போட்டு, சிலந்திவலை மாதிரி இணைத்து வைத்திருந்தாள். டீச்சர் ஒரு கோட்டில் விரலை வைத்து, "இது ஏன் மரத்துக்குப் போகுது மகள்?" என்றார்.

"நீர்க்காகம் அதில இருந்துதான் செட்டை காய வைக்கும் மிஸ்."

சரி, அது இருக்கட்டும். இறாலுக்கும் மரத்துக்கும்? இவள் முழித்தாள். பக்கத்து மேசையில் இருந்த ஐயா, வாவியில் வலை வீசுகிறவர், "குஞ்சு இறால் அந்த வேருக்குள்ளதானே பிள்ள வளருது" என்றார். கோடு தப்பியது. தோணிக்காரருக்கும் நீர்க்காகத்துக்கும் போட்ட கோட்டில்தான் வாக்குவாதம். இரண்டு பேருக்கும் ஒரே மீனில் கண். பகை இருந்தாலும் தொடர்பு தொடர்புதான் என்று ஐயா சொல்ல, மகள் அதைச் சிவப்பில் அழுத்திப் போட்டாள்.

குறை இல்லாமல் இல்லை. கறுப்பு பெயின்ற் தண்ணியாக இருந்தது. இந்தப் பாணிக்கு உயிரே அந்தக் கறுப்புத்தானே? அவ்வளவு பேருக்கும் ஒரே ஒரு காற்றாடி. இதைவிட எனக்குப் பெரிய மனக்குறை, கனடா வரை போனவர்கள் வாகரைக்குப் போகவில்லை. இலங்கையின் பழங்குடிகளான வேடர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். வேடப் பெண்கள் சாம்பலை எச்சிலில் குழைத்துக் குகைச் சுவரில் வரைந்ததை மானிடவியல் ஆய்வாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு கால்மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம். கேட்டேன், அடுத்த தவணையில் பார்க்கலாம் என்றார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு நீளம், இடையில் அலுத்துவிடுவார்கள். பத்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாக அனுப்பலாம். நல்ல கறுப்பு பெயின்ற் போத்தல் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள்.