தலகணி உறைக்கு எந்த ரேந்தை?

நாலு வருடத்துக்கு முன் எங்கள் வீடு குடிபூரலுக்கென்று கட்டில் விரிப்பும் தலகணி உறையும் தேடியபோது மூன்று வகை கண்ணில் பட்டது. கிளிநொச்சிக் கடைகளில் தொங்கும் நைலோன் ரேந்தை தைத்த செற் ஒன்று. துணியின் ஓரத்தையே அலை அலையாய் வெட்டி மெசினில் பூவேலை செய்தது இன்னொன்று. கடைசி, வெறும் பருத்தி விரிப்பை வாங்கிக் கொக்கி ஊசியால் குறோசே பின்னிய பருத்தி ரேந்தையை நாங்களே ஓரத்தில் தைத்துக்கொள்வது. மூன்றையும் பாவித்துப் பார்த்துவிட்டேன். இனிமேல் எனக்குக் குறோசேதான்.

விலையில் நைலோன் மலிவு, குறோசே கூட. விரித்த முதல் நாள் மூன்றும் அழகு. இதில் பேச அதிகம் இல்லை. பேச வேண்டியது முதல் தோய்ப்பைப் பற்றித்தான்.

பருத்தி தண்ணீர் பட்டால் சுருங்கும். 90 அங்குல விரிப்பு 4 வீதம் சுருங்கினாலே மூன்றரை அங்குலம் போய்விடும். நைலோன் ரேந்தை அப்படியே நிற்கும். என் முதல் செற்றைக் கொடியில் இருந்து எடுத்தபோது உறையின் ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. மினுக்கினால் சரிவரும் என்று நினைத்தேன். பருத்தியின் மடிப்பு எடுபட நல்ல சூடு வேண்டும், நைலோன் அந்தச் சூட்டைத் தாங்காது. மினுக்குப்பெட்டி பட்ட இடத்தில் ரேந்தைப் பூ ஒன்று இறுகிப் பளபளத்துப்போனது. அதற்குப் பிறகு அந்த உறையில் கன்னம் வைத்தால் சுரண்டும்.

பருத்தியில் பருத்தி ரேந்தை தைத்தால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் தானாகக் குறையாது. தைக்க முதல் துணியையும் ரேந்தையையும் தனித்தனியே ஓர் இரவு ஊறவிட்டுக் காயவிட வேண்டும். குறோசே நூல் மினுங்குவது எரிசோடாவில் பதப்படுத்தியதால். அந்த நூல் பலம் கூடியது, விரிப்புத் துணியைவிடக் குறைவாகவே சுருங்கும். ஆகவே துணிதான் முதலில் சுருங்கி முடிய வேண்டும். (எரிசோடா என்றதும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை நினைவுக்கு வருகிறது. ஆனையிறவு உப்பில் இருந்து அங்கே எரிசோடாவும் குளோரினும் செய்த காலம் ஒன்று இருந்தது.) தைக்கிற நூலும் பருத்தியாகவே இருக்கட்டும். மூலையில் ரேந்தையை இழுக்காமல் கொஞ்சம் சுருக்கி விட்டால்தான் படுத்து நிற்கும்.

அடுத்தது எங்கள் கிணத்துத் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிற அதே சுண்ணாம்பு சவர்க்காரத்தோடு சேர்ந்து ரேந்தையின் ஓட்டைகளில் பிசுபிசுப்பாய் ஒட்டி, துணியைச் சாம்பல் நிறமாக்குகிறது. கடைசி அலசலுக்கு ஒரு வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை வினாகிரி விடுகிறேன், வெள்ளை திரும்புகிறது. குளோரின் வெளுப்பான் வேண்டாம், அது பருத்தி நூலைத் தின்னும். கம்பிக் கொடியில் பட்ட துருக்கறைக்கு அது உதவவும் மாட்டாது. தேசிக்காய்ப்புளியும் உப்பும் பூசி வெயிலில் வைத்துப் பிறகு நன்றாக அலசினால் கறை மங்கும்.

பூவேலை விளிம்பைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே துணி என்பதால் ஒன்றாகவே சுருங்குகிறது, மினுக்கவும் சுகம். ஆனால் அலையின் வளைவில் தையல் விட்டால் இழை பிரியத் தொடங்கும், மாற்றி வைக்க வேறு ஓரம் கிடையாது. எங்கள் வீட்டில் அது விருந்தினர் கட்டிலில் கிடப்பதால் பத்துத் தடவைக்கு மேல் தோய்த்திருக்க மாட்டேன். அன்றாடம் பாவிக்கிறவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம்.

குறோசேயிலும் குறை உண்டு. காப்பும் கொலுசும் மாட்டும். ஒரு கண்ணி அறுந்தால் அன்றைக்கே முடிச்சுப் போட வேண்டும், விட்டால் வரிசையாய்க் கழரும். அதனால் நான் நாலு பக்கமும் வைப்பதில்லை. உறையின் வாய்ப்பக்கமும் விரிப்பின் தலைமாட்டு மடிப்பும் போதும். ஈரத்தில் ரேந்தை பாரமாகித் துணியை இழுக்கும் என்பதால் அந்தப் பக்கத்தைக் கொடியின் மேலே மடித்துப் போடுகிறேன். சோளகத்தில் செம்மண் தூசி பறக்கிற நாட்களில் உறையை உட்புறம் வெளியே திருப்பி, விறாந்தையில்தான் காயப்போடுவேன்.

விரிப்பு எப்போதும் நடுவில்தான் மெலிகிறது, ஓரம் புதிதாகவே நிற்கும். போன மாசியில் பழைய விரிப்பின் தையலை ஊசி நுனியால் பிரித்து, அம்மா பின்னிய ரேந்தையை முழுசாய் எடுத்துப் புது விரிப்பில் தைத்தேன். ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. இடப்பெயர்வில் அம்மாவின் அலுமாரியோடு போன விரிப்புகளின் அதே மயில்கழுத்து மாதிரியைத்தான் அவ திரும்பப் பின்னித் தந்திருந்தா.

கடையில் பருத்தி ரேந்தை என்று சொல்லி விற்றால் ஓரத்து இழை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி மாதிரி எரிந்து சாம்பலாய் உதிரும். நைலோன் உருகிச் சின்ன மணியாய் இறுகும்.