டெயில்கேட்டுக்கு வெளியே நீளும் சமையலறை: ஐந்து ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கலிஃபோர்னியாவின் சேக்ரமெண்டோவில் வசிக்கும் நாங்கள், 2020 கோடையில் எங்கள் டொயோட்டா டகோமா பிக்கப் வண்டியின் சரக்குத் தொட்டிமீது ஒரு பாப்-அப் கேம்பரைப் பொருத்தினோம். கூரையை மேலே தள்ளினால் சுற்றிலும் துணிச்சுவர் விரியும். படுக்கை கூரையை ஒட்டி இருக்கும். கீழே தொட்டி முழுவதும் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடத்தில், தொட்டியின் பின்புறம் கீழ்நோக்கித் திறக்கும் தடுப்பான டெயில்கேட்டைத் திறந்து வெளியே இழுத்துக்கொள்ளும்படி ஒரு சமையலறையை நானே வரைந்து, நானே செய்து பொருத்தினேன். முதலில் செய்தது இரண்டு ஆண்டுகளுக்குள் பிரிக்கப்பட்டுவிட்டது. 2022 வசந்தத்தில் செய்த இரண்டாவது வடிவம் இன்றும் உழைக்கிறது. இரண்டிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 140 இரவுகள் வெளியில் தங்கிச் சமைத்திருக்கிறோம். முதலாவதைப் பிரிக்க நேர்ந்ததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அடுப்பின் உயரம்.

அதற்கு முன், சமையலை ஏன் வெளியே கொண்டுபோனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். துணிச்சுவர் கேம்பருக்குள் ஒருமுறை கடுகு தாளித்தால் அந்த வாசனையோடுதான் அடுத்த மூன்று இரவுகளும் உறங்க வேண்டும். அதைவிட முக்கியமானது ஈரம். ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீர் ஆவியாக வெளிப்படுகிறது. சோறு வடிக்கும் ஆவி அதற்கு மேல். குளிர் இரவில் அவ்வளவும் துணிச்சுவரின் உட்புறத்தில் துளித்துளியாகப் படிந்து விடியற்காலையில் போர்வைமேல் சொட்டும். மூடிய சிறிய இடத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும் ஆபத்தும் உண்டு. ஆகவே அடுப்பு வெளியேதான் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவேயில்லை.

எங்கள் வண்டியின் தொட்டியில் சக்கர மேடுகளுக்கு இடையே சுமார் 105 சென்டிமீட்டர் அகலம் கிடைக்கிறது. அதில் இடப்பக்கம் ஏறி இறங்க வழி விட்டு, வலப்பக்கம் 56 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரே நீண்ட இழுப்பறையாகச் சமையலறையை அமைத்தேன். 18 மில்லிமீட்டர் பால்டிக் பிர்ச் பிளைவுட்டில் பெட்டி. இருபுறமும் இழுப்பறை வழுக்கி வர 48 அங்குல நீளச் சேனல்கள். சேனல் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. உள்ளே தள்ளிய நிலையிலும் முழுதாக இழுத்த நிலையிலும் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையைத்தான் வாங்கினேன். உள்பூட்டு இல்லையென்றால் மேடேறும்போது முழுச் சமையலறையும் டெயில்கேட்டை இடித்துக்கொண்டே வரும்; வெளிப்பூட்டு இல்லையென்றால் சரிவில் நிறுத்தும் நாளில், கொதிக்கும் ரசத்தோடு அடுப்பு தானாக உள்ளே போகும். சோடி ஒன்றுக்கு 500 பவுண்டு, அதாவது சுமார் 227 கிலோ தாங்கும் என்று அட்டையில் எழுதியிருந்தாலும், அது அசையாத எடைக்கான கணக்கு. கரடுமுரடான பாதையில் குலுங்கும்போது அதே பொருளின் தாக்கம் பல மடங்காகும். ஆகவே இழுப்பறையில் 60 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்தேன். ஐந்து ஆண்டுகளில் சேனல் ஒருமுறைகூட வளையவில்லை.

ஆனால் முழுதாக இழுத்த இழுப்பறை ஒரு நெம்புகோல் என்பதை முதல் பயணத்தில்தான் உணர்ந்தேன். 122 சென்டிமீட்டர் வெளியே நீண்ட நுனியில் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தை வைத்தவுடன், பெட்டியின் உள்முனை தொட்டியின் தரையிலிருந்து மெல்ல எழுந்தது. டகோமாவின் தொட்டி இரும்புத் தகடல்ல, கலப்புப் பொருளால் வார்த்தது. நினைத்த இடத்தில் துளையிட்டு ஸ்க்ரூ முடுக்க எனக்கு மனம் வரவில்லை. வண்டியோடு வந்த தண்டவாளங்களிலும் கயிறு கட்டும் கொக்கிகளிலுமே பெட்டியை நான்கு இடங்களில் போல்ட்டால் பிணைத்தேன். கூடவே நுனியில் தரைவரை இறங்கும் ஒரு மடக்குக் காலையும் சேர்த்தேன். டெயில்கேட்டைத் தாங்கும் இரண்டு வயர்கள்மீது சமையலறையின் எடை விழக் கூடாது என்பதற்கும் அந்தக் கால்தான் காப்பு.

இப்போது உயரத்துக்கு வருகிறேன். டெயில்கேட்டைக் கீழே இறக்கினால் அதன் மேற்பரப்பு எங்கள் வண்டியில் தரையிலிருந்து 86 சென்டிமீட்டர். அதன்மேல் சேனலும் பெட்டியுமாக 27 சென்டிமீட்டர். அதற்கும் மேல் இரட்டை பர்னர் அடுப்பு. எரியும் தீ 121 சென்டிமீட்டரில் நின்றது. அமெரிக்க வீட்டுச் சமையல் மேடையின் வழக்கமான உயரம் 36 அங்குலம், அதாவது 91 சென்டிமீட்டர். தாளில் வரைந்தபோது இந்த வேறுபாடு கண்ணில் படவே இல்லை. வரைபடத்தில் எல்லாம் அழகாக அடங்கியிருந்தன. என் மனைவியின் உயரம் 157 சென்டிமீட்டர். மூன்று லிட்டர் குக்கரை வைத்தால் அதன் வாய் அவர் முகத்துக்கு நேரே வந்துவிடும். தாளிப்புக் கரண்டியில் கடுகு வெடிக்கும்போது எண்ணெய் தெறிக்கும் இடம் கண். காய்கறி வதக்குவதற்குத் தோள்களைத் தூக்கியபடி நிற்க வேண்டியிருந்ததால், இரண்டாம் நாளே அவர் அடுப்பைக் கழற்றித் தரையில் கல் கூட்டி அதன்மேல் வைத்துச் சமைத்தார். நானோ இரண்டு பயணங்கள்வரை ஒரு மடக்குப் படிக்கட்டை எடுத்துப் போய், சிக்கல் தீர்ந்ததாகச் சாதித்துக்கொண்டிருந்தேன். கொதிக்கும் குழம்புக்கு முன்னால் படிக்கட்டில் நின்று சமைப்பது எவ்வளவு மடமை என்பதை எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

சந்தையில் ஆயத்தமாகக் கிடைக்கும் இழுப்புச் சமையலறைகளிலும் அடுப்பு மேல்தளத்தில் அமர்ந்திருப்பதை நிறையப் பார்த்தேன். அகலமான வாணலியில் முட்டை பொரிப்பவருக்கு அது பெரிய தொல்லையாக இராது. உயரமான பாத்திரங்களில் கொதிக்கவிட்டு, எட்டிப் பார்த்து, கிண்டி இறக்கும் நம் சமையலுக்கு அது ஒத்துவராது.

இரண்டாவது வடிவத்தில் இழுப்பறையை ஆயத்த மேடையாக மட்டும் வைத்துக்கொண்டேன்: காய் நறுக்க, தட்டு வைக்க, மாவு கலக்க. பெட்டியின் உயரத்தை 27-இலிருந்து 17 சென்டிமீட்டராகக் குறைத்தேன். அடுப்புக்குத் தனியாக ஓர் அலுமினியத் தட்டு. இழுப்பறையின் நுனி டெயில்கேட்டைத் தாண்டி வெளியே நிற்பதால், அந்த நுனியிலிருந்து தட்டைக் கொக்கிகளால் கீழே தொங்கவிட இடம் இருக்கிறது. மடக்குக் காலும் அதற்கு நேர் கீழே வந்து எடையைத் தரைக்குக் கடத்துகிறது. இப்போது தீ 82 சென்டிமீட்டரில் எரிகிறது. மாட்டவும் கழற்றவும் ஒரு நிமிடம் ஆகிறது என்பதுதான் இதிலுள்ள குறை; அதை நான் மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு மாறியதாலும், வேண்டாதவற்றை நீக்கியதாலும் வெறும் சமையலறையின் எடை 78 கிலோவிலிருந்து 46 கிலோவாக இறங்கியது. ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும், வண்டி தாங்கும் பாரத்தைக் குறிக்கும் தாளில் உள்ள எண்ணிலிருந்து கேம்பர், ஆட்கள், தண்ணீர் என்று கழித்துக்கொண்டே வருபவர்களுக்கு இந்த 32 கிலோவின் அருமை தெரியும்.

வேண்டாதவை என்றேனே, அவற்றில் முதலாவது கழுவுதொட்டியும் குழாயும். முதல் வடிவத்தில் துருப்பிடிக்காத எஃகில் ஒரு கழுவுதொட்டி, 12 வோல்ட் பம்பு, அழுக்குநீருக்குக் கீழே ஒரு கேன் என்று எல்லாம் இருந்தன. குளிர்காலத்தில் பம்புக்குள் தண்ணீர் உறைந்து உடைந்தது. இப்போது குழாய் வைத்த 20 லிட்டர் கேனை மேடையின் விளிம்பில் வைத்து, கீழே ஒரு பிளாஸ்டிக் பேசினில் கழுவுகிறோம். கழுவிய நீரை ஓடை, ஏரியிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளி, வடிகட்டித் தெளிக்க வேண்டும் அல்லது கையோடு கொண்டுவர வேண்டும். எதுவானாலும் பேசினைத் தூக்கிக்கொண்டு நடப்பது எளிது.

எரிவாயுவில் நான் செய்த பிழை ஒன்றைப் பதிவு செய்வது பிறருக்கு உதவும். நாங்கள் பயன்படுத்தும் வகை முகாம் அடுப்பில் ரெகுலேட்டர் அடுப்போடு சேர்ந்தே வருகிறது. அது சிலிண்டரின் முழு அழுத்தத்தை எதிர்பார்க்கிறது. ஒரு பவுண்டு உருளைகளிலிருந்து ஐந்து பவுண்டு சிலிண்டருக்கு மாறியபோது, வீட்டுப் பழக்கத்தில் சிலிண்டரின் வாயிலும் ஒரு ரெகுலேட்டரை மாட்டிவிட்டேன். தீ மெழுகுவர்த்திபோல் எரிந்தது. அடுப்பைக் குறை கூறி அதை மாற்றும் அளவுக்குப் போன பிறகுதான் காரணம் புரிந்தது. ரெகுலேட்டர் இல்லாத உயர் அழுத்தக் குழாயே இங்கே தேவை. பெரிய சிலிண்டருக்கு மாறியதற்குக் கணக்கு எளிது. ஒரு பவுண்டு புரொப்பேனில் ஏறத்தாழ 21,600 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது; மணிக்கு 10,000 பி.டி.யு. தரும் பர்னர் ஒன்றை முழுவேகத்தில் எரித்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். தவிர, 2022-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மீண்டும் நிரப்ப முடியாத அந்தச் சிறு உருளைகளைக் கலிஃபோர்னியாவில் 2028 ஜனவரி 1 முதல் விற்க முடியாது. சிலிண்டரை இழுப்பறைக்குள் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தொட்டியின் அடியில் தேங்கி நிற்கும், அதற்கு மேலேதான் நாம் உறங்குகிறோம். எங்களுடையது வண்டிக்கு வெளியே ஒரு தாங்கியில் நிமிர்ந்து நிற்கிறது.

காற்றுக்கு முழுமையான தீர்வு கிடைக்கவில்லை. நெடுஞ்சாலை 395-ஐ ஒட்டிய ஓவன்ஸ் பள்ளத்தாக்கில், லோன் பைன் ஊருக்கு மேற்கே அலபாமா குன்றுகளில் பிற்பகல் காற்று எழும்பினால், அடுப்போடு வரும் தகர மறைப்புகள் போதவே போதா. வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிரே நிறுத்தினால் பின்புறம் அமைதியாக இருக்கும் என்று எண்ணியது பாதிதான் உண்மை. வண்டியைச் சுற்றி வரும் காற்று பின்னால் சுழன்று தீயை மேலிழுக்கிறது. அடுப்புத் தட்டைத் தாழ்த்தியதில் எதிர்பாராத நன்மையாக, இழுப்பறையின் நுனியே ஒருபக்கச் சுவராகிவிட்டது. மற்ற இரு பக்கங்களிலும் கீல் வைத்த அலுமினியத் தகடுகளை நிறுத்துகிறேன். மேலே தூக்கிய கேம்பரின் பின்கதவு மழைக்குக் கூரையாகத் தோன்றினாலும் அதன் நேர் கீழே தீ எரியக் கூடாது; தட்டு வெளியே தள்ளி நிற்பதால் இதுவும் சரியாயிற்று.

குலுக்கலும் தூசியும் தனி அத்தியாயம். 2021-இல் மரணப் பள்ளத்தாக்கில் உபெஹெபே எரிமலை வாயிலிருந்து ரேஸ்டிராக் என்னும் வறண்ட ஏரிப்படுகை வரை செல்லும் சுமார் 43 கிலோமீட்டர் மண்பாதையில் போனோம். முழுவதும் துவைகல்போல் வரிவரியாக இருக்கும் பாதை அது. வழியில் பயணிகள் கெண்டிகளைக் கொண்டுவந்து தொங்கவிடும் டீகெட்டில் சந்திப்பில் நிறுத்தித் தேநீர் போடலாம் என்று இழுப்பறையைத் திறந்தால், உள்ளே எல்லாமே மஞ்சள். அஞ்சறைப்பெட்டியின் மூடி கழன்று, மஞ்சள் பொடியும் பாலைவனத் தூசியும் ஒன்றாகக் கலந்து ஒவ்வொரு கரண்டியிலும் படிந்திருந்தன. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் டெயில்கேட் இடுக்குகள் வழியே தூசி உள்ளே உறிஞ்சப்படுகிறது. இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டியபின் தூசி வெகுவாகக் குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. அஞ்சறைப்பெட்டி வீட்டுக்கே திரும்பிவிட்டது. அதன் இடத்தில் திருகு மூடி டப்பாக்கள். பிளைவுட்டில் நேரடியாக முடுக்கிய ஸ்க்ரூக்கள் அந்த ஒரே பயணத்தில் பாதி தளர்ந்தன. இப்போது எல்லா இணைப்பிலும் பித்தளை மரை உறைகளைப் பதித்து, போல்ட்டை முடுக்கியிருக்கிறேன். சேனலில் கிரீஸ் தடவவே கூடாது. தூசியோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். துடைத்துவிட்டு உலர் மசகு தெளிப்பதே போதும்.

கரடிகளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இருட்டிய பிறகு வண்டிக்குள் உணவு வைக்கக் கூடாது. முகாமிலுள்ள இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். எண்ணெய், உப்பு, ஊறுகாய் எதற்கும் விலக்கில்லை. முதல் வடிவத்தில் பதினொரு சிறு அறைகளில் பரப்பி வைத்திருந்த பொருள்களை டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். ஆகையால் இப்போது உணவுக்குரிய பகுதி முழுவதும் கைப்பிடியுள்ள இரண்டு பெட்டிகள். அப்படியே தூக்கி வெளியே வைத்துவிடலாம். அதே பூங்காவின் டுவாலமி புல்வெளி 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 91 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு ஒன்றரை மணி நேரமாகியும் வேகவில்லை. குக்கரை வீட்டில் வைத்துவிட்டு வந்த ஒரே பயணம் அது. இப்போது குக்கரின் உயரத்தை அளந்துதான் இழுப்பறையின் உள்ளுயரத்தையே வைத்திருக்கிறேன்.

செலவைக் கேட்பவர்களுக்கு: முதல் வடிவத்துக்குச் சுமார் 900 டாலர், இரண்டாவதற்குச் சேனலும் அடுப்பும் ஏற்கெனவே இருந்ததால் 350 டாலர். கூலி என்னுடையது.

இன்னும் சரிசெய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வண்டி ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்து நின்றாலும் மேடையும் தட்டும் அப்படியே சாய்கின்றன; தோசைக்கல்லில் எண்ணெய் ஓர் ஓரமாக ஓடித் தேங்குகிறது. டயருக்கு அடியில் கட்டை வைத்துச் சமன் செய்தாலும், வண்டி மேலும் கீழும் அசைந்து நிலைப்பதற்குள் மட்டம் மாறிவிடுகிறது. அடுப்புத் தட்டின் கொக்கிகளில் திருகித் திருத்தும் வசதி வைக்க ஒரு வரைபடம் தயாராக உள்ளது. இம்முறை அதைச் செய்வதற்கு முன், அட்டையில் ஒரு மாதிரி வெட்டி என் மனைவியை அதன் எதிரே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.