மாத்திரை கொடுக்க வந்தவர்

ஜனவரியில் மூன்று வாரம் ஊரில் இருந்தேன். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா போன பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. தூக்கமே வருவதில்லை என்று ஒரு வருஷமாகப் போனில் புலம்பல். டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தோம். டாக்டர் நிமிர்ந்து பார்த்தது ஒரே முறை. தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, தோளில் பையோடு ஒரு பெண் வாசலில் செருப்பைக் கழற்றினார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது.

அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதினார். பிறகு பழைய மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கி விரலால் எண்ணினார்.

"காலை மாத்திரை ஆறு மிச்சம் இருக்கே பெரியம்மா?"

"சாப்பிட்டாத்தானே மாத்திரை போடணும். ஒருத்திக்குன்னு என்னத்த சமைக்கிறது?"

பல நாள் காலையில் அடுப்பே பற்றவைப்பதில்லையாம். தினமும் போன் பேசுகிற எனக்கு இது தெரியாது.

அவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. "வெள்ளிக்கிழமை பஜனை மடத்துல விளக்கு பூஜை. பத்துப் பேர் வர்றாங்க. நான் அந்த வழியாத்தான் போவேன், தயாரா இருங்க" என்றார்.

எனக்கு லண்டன் ஞாபகம் வந்தது. வேலை போய் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த ஒரு குளிர்காலத்தில், ஈஸ்ட் ஹாமில் எங்கள் ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், என்னை மாத்திரைக்குப் பதில் ஒரு லிங்க் ஒர்க்கரிடம் அனுப்பினார். சோஷியல் பிரிஸ்கிரைபிங் என்பார்கள்: பேசிப் பார்த்து, அக்கம்பக்கத்தில் ஏதாவது ஒரு குழுவோடு சேர்த்துவிடுவது. கிழக்கு லண்டனில் 1984-ல் தொடங்கிய பிராம்லி-பை-போ மையம் இதற்கு ஒரு முன்னோடி. 2019-லிருந்து இங்கிலாந்து முழுக்க என்ஹெச்எஸ் என்கிற அரசு மருத்துவ சேவையின் காசிலேயே லிங்க் ஒர்க்கர்களை வைக்கிறார்கள். ஜிபி கொடுப்பது பத்து நிமிஷம். என் லிங்க் ஒர்க்கர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார்ந்து, "உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்டார். ஒரு தோட்டக் குழுவில் சேர்த்துவிட்டார். இரண்டு வாரம் டிமிக்கி கொடுத்தேன். போன் பண்ணி விசாரித்தார். வெட்கப்பட்டுக்கொண்டே போனேன்.

அந்த லிங்க் ஒர்க்கருக்கு அது வேலை, பயிற்சியும் சம்பளமும் உண்டு. நம் தன்னார்வலருக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை. நான் எட்டிப் பார்த்தவரை அவர் நோட்டில் பிரஷருக்கும் சுகருக்கும் கட்டம் இருந்தது, அணைந்து கிடக்கும் அடுப்புக்கு இல்லை. அதை அவர் கவனித்தது ஊர்க்காரி என்பதால். நாளைக்கு வேறு ஒருவர் வந்தால்? அந்தக் கட்டத்தையும் ஒருவர் போட்டுக் கொடுத்து, அந்த வேலைக்கும் காசு கொடுத்தால் தேவலை.

போன வெள்ளிக்கிழமை அம்மா போனை எடுக்கவில்லை. ஊர் நேரம் எட்டு மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"மடத்துல இருந்தேன்டா."

"தூக்கம் வருதாம்மா?"

"ஒருநாள் வருது, ஒருநாள் வரலை. அது கிடக்கட்டும், இன்னிக்குச் சுண்டல்ல உப்பே இல்ல. அடுத்த வாரம் நான் பண்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."