முன்வாசலில் தோட்டம் போட ஆள் வைக்கும் முன் இதைப் படியுங்கள்

ஊட்டி, குன்னூர் பக்கம் வீட்டு முன்வாசலில் புல்தரை, பூச்செடி போட யாரையாவது கூப்பிட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

எங்கள் வீடு லவ்டேலில். போன வருடம் மார்ச்சில் சமையலறையை இடித்துக் கட்டினோம். செங்கல் துண்டு, உடைந்த டைல்ஸ், காரைக்கட்டி என்று வாசலில் இடிபாடு குவிந்து கிடந்தது. அந்த நேரத்தில்தான், தோட்டம் அமைத்துத் தரும் ஒருவர் தெரிந்தவர் மூலமாக வந்தார். மூன்று சென்ட் இடத்துக்குக் கொரியன் புல், நடைபாதைக் கல், ஓரத்தில் பூச்செடிகள், எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய். “இடிபாட்டையும் நானே எடுத்துடறேன்க்கா, அதுக்குத் தனியா காசு வேண்டாம்” என்றார். மலையில் இடிபாட்டைக் கொட்ட இடம் தேடுவது எவ்வளவு பெரிய பாடு என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். உடனே சரி என்றோம்.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். அத்தைக்கு முழங்கால் வலி, படியிறங்கி வர முடியாது. நான்கு நாள் வேலை நடந்தது. தினமும் டெம்போவில் ஏதோ ஏற்றிப் போகிறார்கள் என்று அத்தை ஜன்னலிலிருந்து பார்த்துச் சொன்னார். இடிபாடும் குறைந்துகொண்டே வந்தது. ஐந்தாம் நாள் பச்சைப் புல் விரித்துக் கிடந்த அழகைப் பார்த்து மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டோம். பில் கேட்கவில்லை.

ஜூன் மழையில் புல்லின் மேல் தண்ணீர் தேங்கியது. போன் செய்தால் “புது மண்ணு, செட்டாயிடும்” என்றார். டிசம்பரில் உறைபனி விழுந்ததும் அவர் நட்ட இட்லிப்பூவும் குரோட்டன்ஸும் கருகிப்போயின. இரண்டும் கீழ்நாட்டுச் செடிகள். குளிர்காற்று இறங்கித் தங்கும் பள்ளத்தில் இவற்றை நடவே கூடாது. அதைக்கூட ஏதோ அறியாமை என்று பொறுத்துக்கொண்டோம்.

இந்த மே மாதம்தான் உண்மை வெளியே வந்தது. அத்தை கல்யாணமாகி வந்த வருடம் கேட் ஓரத்தில் நட்ட ஹைட்ரேஞ்சியா ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்து அது நீலமாகத்தான் பூக்கும். இந்த முறை கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்பு. அதே செடியில் கிளை ஒடித்து வைத்து வளர்த்த பக்கத்து வீட்டுச் செடி மட்டும் எப்போதும் போல நீலம். அந்த வீட்டு அண்ணன் பூங்காவில் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பார்த்த உடனே, “அடியில சுண்ணாம்பு எதோ இருக்கும்மா, தோண்டிப் பாரு” என்றார்.

நீலகிரி மண் இயல்பாகவே அமில மண். அந்த அமிலத்தில்தான் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது, பூவும் நீலமாகிறது. சிமெண்டும் சுண்ணாம்பும் சேர்ந்தால் அமிலம் முறிந்து, பூ இளஞ்சிவப்பாகிவிடும். எங்கள் கமேலியாப் பூச்செடியின் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாகப் போனதற்கும் காரணம் இதுதான் என்றார்.

கடப்பாரை அரை அடி இறங்குவதற்குள் டைல்ஸில் மோதியது. எங்கள் சமையலறை டைல்ஸ். வாசல் முழுக்க அப்படித்தான்: மேலே நான்கு விரல் செம்மண், அடியில் எங்கள் இடிபாடு, சிமெண்ட் மூட்டைச் சாக்கு உட்பட. டெம்போவில் போனது எங்கள் கறுப்பு மண். மலையில் இந்த மண் மேலே கொஞ்ச ஆழத்துக்குத்தான் இருக்கும், அதற்குக் கீழே வெறும் களி. மாமனார் நாற்பது வருடம் சாணியும் இலைமக்கும் போட்டுச் சேர்த்த மண் அது. 1,40,000 போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. அத்தை அன்று இரவு சாப்பிடவே இல்லை.

தோட்டம் போட்டவரிடம் கேட்டதற்கு, “தண்ணி வடியறதுக்காகப் போட்டதுக்கா” என்றார். அப்புறம் போனையே எடுப்பதில்லை. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். அமில கார நிலை (pH; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 7.8 என்று வந்தது. பக்கத்து வீட்டு மண்ணில் 5.2. இடிபாட்டை அள்ளி அப்புறப்படுத்த மட்டும் 46,000 ரூபாய் செலவாகிவிட்டது. இனி இலைமக்கும் தொழுவுரமும் போட்டு மண்ணைத் தேற்ற வேண்டும். கந்தகத் தூள் போட்டால் அமிலம் திரும்பும், ஆனால் இந்தக் குளிரில் அது மெதுவாகத்தான் வேலை செய்யும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறோம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பில் இல்லாததால் கையில் இருப்பது ஜிபே ரசீதும் வாட்ஸப் பேச்சும்தான். நீங்கள் அப்படி மாட்டிக்கொள்ளாதீர்கள். செடிகளின் பெயர், கறுப்பு மண் வெளியே போகக் கூடாது என்பது, இடிபாடு எங்கே போகிறது என்பது, எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். வேலை நடக்கும்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். மீதிப் பணம் கொடுக்கும் முன் நாலு இடத்தில் கடப்பாரை போட்டுப் பாருங்கள். ஒரு பங்கையாவது ஒரு மழைக்காலம் தாண்டும்வரை கையில் வைத்திருங்கள்.

அவர் வெலிங்டன் பக்கமும் வேலை எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். உங்கள் வீட்டு நீல ஹைட்ரேஞ்சியா, நீங்கள் சுண்ணாம்பு எதுவும் போடாமலே இந்த வருடம் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தால், இன்றைக்கே அதன் பக்கத்தில் தோண்டிப் பாருங்கள்.