‘இலவச கம்ப்ரசர் ஆய்வு’ என்று வருகிறவர்கள்: ஓர் எச்சரிக்கை

மதுரையின் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் சிறு ஆலை நடத்துகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். “காற்று ஆய்வு இலவசம், மின்கட்டணத்தில் 40 சதவீதம் மிச்சம்” என்று விற்பனையாளர் எவராவது வந்தால், உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் ரப்பர் உதிரிபாக ஆலைக்கு அப்படி ஒரு விற்பனையாளர் வேலை நேரத்தில் வந்தார். கம்ப்ரசரில் (இயந்திரங்களுக்கு அழுத்தக் காற்றைத் தரும் கருவி) மட்டும் மீட்டரை மாட்டினார். எங்கள் 20 எச்.பி. இயந்திரம் ஓய்வின்றி லோடில் (காற்றை அழுத்தித் தந்தபடி) ஓடுவதைக் காட்டி, “இது பத்தாது சார், 30 எச்.பி. வி.எஃப்.டி. போட்டுவிடுங்கள்” என்றார். வி.எஃப்.டி. என்பது காற்றுத் தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வகை. காற்று எங்கெங்கே போகிறது என்று ஆலைக்குள் நடந்து பார்க்கவே இல்லை. ஃபிட்டரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. புதியதைப் பூட்டிய கையோடு, கடைசி பிரஸ்ஸுக்குக் காற்று எட்டவில்லை என்று அழுத்தத்தை 7 பாரிலிருந்து 8.5 பாருக்கு ஏற்றிவிட்டுப் போனார். ஒரு பார் கூடினால் மின்செலவு ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். கசிவும் அதோடு கூடும். இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரிந்த கணக்கு இது. தெரிந்தே செய்தார் என்பதுதான் ஆத்திரம்.

மின்கட்டணம் குறையவில்லை, ஏறியது. புதிய இயந்திரத்துக்காக மின்பளுவை உயர்த்தியதால் நிலைக்கட்டணமும் சேர்ந்துகொண்டது. 2022 செப்டம்பர் உயர்வுக்குப் பிறகு அது எவ்வளவு சுமை என்று சிறுதொழில்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கேட்டால், “உங்கள் ஆட்கள் காற்றை வீணடிக்கிறார்கள்” என்றார். 40 சதவீதம் என்ற வாக்குறுதி துண்டுப் பிரசுரத்தில் மட்டுமே இருந்தது; விலைப்புள்ளியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பிறகு, மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் (பி.இ.இ.) சான்று பெற்ற தணிக்கையாளர் ஒருவரை அழைத்தோம். ஆலை நிற்கும் ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும் என்று கேட்டு வந்தார். பழைய கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஓர் இயந்திரம்கூட ஓடாத ஆலையில் அது 2 நிமிடம் லோடு, 3 நிமிடம் அன்லோடு (காற்று தராத வெற்று ஓட்டம்) என்று மாறி மாறி ஓடியது. இரண்டை ஐந்தால் வகுத்தால் 40 சதவீதம். அந்த இயந்திரம் தரும் காற்றில் அவ்வளவும் கசிவு!

சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக ஃபிட்டர் தம்பி கூடவே போனார். பிரஸ்களின் பின்புறம் கிளிப் தளர்ந்த ஹோஸ்களில் நுரை பொங்கியது. காற்றைச் சேமிக்கும் ரிசீவர் டேங்கின் அடியில், தேங்கும் நீரைத் தானாக வெளியேற்றும் ஆட்டோ டிரெயின் வால்வு மூடாமலே சிக்கிக்கிடந்தது. 3 மி.மீ. ஓட்டை ஒன்று போதும், 7 பார் அழுத்தத்தில் 3 கிலோவாட்டுக்குக் குறையாமல் தின்றுவிடும். கசிவுகளை அடைத்து, கடைசி பிரஸ்ஸுக்குப் போகும் மெலிந்த குழாயை மாற்றி, அழுத்தத்தை 6.5 பாருக்கு இறக்கினோம். மொத்தச் செலவு புதிய இயந்திரத்தின் ஒரு மாதத் தவணைக்குக்கூட வரவில்லை. இப்போது பழைய 20 எச்.பி.யே தாராளமாகப் போதுகிறது. புதியது சும்மா நிற்கிறது. தவணை மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

வி.எஃப்.டி. மோசமான பொருள் அல்ல. காற்றுத் தேவை ஏறி இறங்கும் ஆலைக்கு நல்ல முதலீடு. கசிவை மறைத்து அதை விற்பதுதான் மோசடி. எரிசக்தித் தணிக்கைக்கு மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். மீட்டரும் கையுமாக யாராவது வந்தால், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். மிச்சமாகும் யூனிட் எவ்வளவு, குறையாவிட்டால் இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதிக் கேளுங்கள்.